முக்குளிப்பானும் வெளியூர் வாத்துகளும்

ஓர் ஏரியில் குமிழி என்ற முக்குளிப்பான் தன் கணவன் மூழ்கனோடு குடியிருந்தது. முக்குளிப்பான் தெரியுமல்லவா? இரண்டு கைக்குள் அடங்குகிற அளவில் ஒரு நீர்ப்பறவை. ஆளைக் கண்டால் டுபுக்கென்று முங்கி, பத்தடி தள்ளி எழும். கோரைக்கு நடுவே மிதக்கும் கூட்டில் குமிழி நான்கு முட்டை இட்டிருந்தது.

தை பிறந்ததும் பனிமலைக்கு அப்பாலிருந்து வாத்துகள் வந்து மேற்குக் கரையில் இறங்கின. வருஷா வருஷம் வருபவைதான். ஆனால் இந்த வருஷம் ஏரியில் மீன் குறைந்துபோயிருந்தது. நீர்க்காகங்கள் பெருகிவிட்டன, அவ்வளவுதான் விஷயம். அதை நீர்க்காகமே எப்படிச் சொல்லும்?

நீர்க்காகங்களின் தலைவர் பெயர் கொக்கிமூக்கார். தலைவர் என்பதால் நாமும் மரியாதையாகவே சொல்லிவைப்போம். பட்டமரத்தில் ஏறி நின்று, ஈரச் சிறகை இரண்டு பக்கமும் விரித்துக் காயவைத்துக்கொண்டே அவர் பேசுவார். அப்படிப் பேசும்போது பெரிய ஆளாகத்தான் தெரிந்தார்.

"மீனெல்லாம் எங்க போச்சு? யோசிச்சுப் பாருங்க! எங்கிருந்தோ வந்து இத்தனை வாத்து உக்காந்திருக்கு. அதுங்க வயிறு சும்மாவா நிறையுது?"

"அதுங்க கரையில புல்லுதானே மேயுது?" என்று மடையான் கொக்கு ஒன்று இழுத்தது.

"நாம பாக்கும்போது புல்லு! நாம பாக்காதப்போ?"

 பார்க்காதபோது நடப்பதை யார் பார்த்தார்கள்?

அன்றே 'ஏரியின் மைந்தர் சங்கம்' பிறந்தது. வீட்டுக்கு ஒருவர் காவலுக்கு வரவேண்டும், விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மேற்குக் கரையையே பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். குமிழி வீட்டிலிருந்து மூழ்கன் போனது.

அதுவரை இருவரும் மாறி மாறித்தான் அடைகாத்தார்கள். இப்போது எல்லாம் குமிழி தலையில் விழுந்தது. பசித்தால் முட்டையை விட்டுவிட்டுத்தான் இரை தேடப் போகவேண்டும். போகுமுன் முக்குளிப்பான்கள் செய்கிற ஒரு வேலை உண்டு. ஈரப் பாசியை இழுத்து முட்டைகளின் மேல் போர்த்திவிடும். மேலிருந்து பார்த்தால் ஏதோ குப்பை மிதப்பது போலத்தான் இருக்கும். குமிழிக்கு அது பழகிப்போன வேலை. மனசு எங்கோ இருக்க, அலகு தானே போர்த்திவிடும்.

அதன் மனசு முழுக்க மேற்குக் கரையில்தான் இருந்தது. ஒரு வாத்து கழுத்தை நீட்டினால், தன் கூட்டைத்தான் நோட்டம் விடுகிறது என்று நினைத்தது. கழுத்தை மடக்கினால், எதையோ மறைக்கிறது என்று நினைத்தது. வாத்து சும்மா நின்றால் இன்னும் அதிகமாகப் பயந்தது. முங்கும்போது அங்கே ஒரு கண், எழும்போது அங்கே ஒரு கண். பிடித்த மீனில் பாதி அலகிலிருந்து நழுவிப் போயிற்று. அந்தப் பழியையும் வாத்துகள் தலையிலேயே போட்டது.

ஒருநாள் காலை குமிழி இரை தேடிக்கொண்டிருந்தது. காவலில் இருந்த ஓர் இளம் நீர்க்காகம் கோரைக்கு மேலே தாழப் பறந்தது. பறந்ததும் அலறியது.

"ஐயோ! குமிழியக்கா கூட்டுல முட்டையைக் காணோம்! வெறும் பாசிதான் கிடக்கு!"

நீர்க்காகங்கள் மரத்தில் கூடு கட்டுபவை. முட்டையை மூடிவைக்கும் வழக்கம் அவற்றுக்குக் கிடையாது. ஒரே ஏரியில் பிறந்து வளர்ந்தும், பக்கத்து வீட்டுக்காரி முட்டையை எப்படி வைத்திருப்பாள் என்று அந்தக் காவலாளிக்குத் தெரியாது. ஏரியைக் காக்க வந்த லட்சணம் அது!

அதை விடுங்கள். குமிழிக்குத் தெரியுமே! ஒரு நாழிகைக்கு முன்னால்தானே அது பாசியை இழுத்துப் போர்த்தியது? ஆனால் அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அலகிலிருந்த மீனைக் கீழே போட்டது. எத்தனையோ நாளாகப் பயந்து பயந்து எதிர்பார்த்த செய்தி அது. வந்ததும் கேள்வி கேட்காமல் நம்பிவிட்டது.

"அப்பவே நினைச்சேன்! அந்த வாத்துங்கதான்!" என்று கத்திக்கொண்டு மேற்குக் கரைக்குப் பாய்ந்தது. காவலில் நின்ற மூழ்கனோடு சங்கமே பின்னால் திரண்டது.

வாத்துக் கூட்டத்தில் மூத்தவள் நெட்டிறகி. அது மேய்வதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கியது.

"எம் முட்டையை என்ன பண்ணின? சொல்லு!" என்றது குமிழி.

"உன் முட்டைகளை நாங்கள் தொடவில்லை, அம்மா. பாசியை விலக்கிப் பார்த்தாயா? இன்று காலையில் நீ அதைப் போர்த்திவிட்டுப் போனதைப் பார்த்தேனே!"

குமிழி இன்னும் கிட்டே பாய்ந்தது. "அப்போ எங்கூட்டையே பாத்துக்கிட்டு இருந்திருக்க!"

"ஒத்துக்கிட்டா! அவளே ஒத்துக்கிட்டா!" என்று கொக்கிமூக்கார் சிறகடித்தார். "பேச்சைப் பாரு, புத்தகம் படிக்கிற மாதிரி! இவளா நம்ம ஆளு?"

முதல் கொத்து குமிழியுடையது. அருகில் நின்ற ஓர் இளம் வாத்தின் காலில் அது விழுந்தது. அப்புறம் எத்தனை அலகுகள், எத்தனை கொத்துகள் என்று யாருக்கும் தெரியாது. வாத்துகள் கொஞ்சம்தான். அடிபட்டதை நடுவில் விட்டுக்கொண்டு அவை எழும்பின. அந்த இளம் வாத்து ரத்தம் வடியும் காலைத் தொங்கப்போட்டபடி பறந்துபோனது.

ஏரியில் ஒரே ஆரவாரம்! சங்கத்தார் குமிழியை விடவில்லை. "பிள்ளையைப் பறிகொடுத்த தாயைப் பாருங்க!" என்று மூலைக்கு மூலை கூட்டிக்கொண்டு சுற்றினார்கள். குமிழி எல்லா மூலையிலும் அழுதது. காலிக் கூட்டைப் பார்க்க அதற்குத் துணிவில்லை. வாடைக் காற்று பகல் முழுக்க வீசியது.

பொழுது சாய்கிற நேரத்தில்தான் குமிழியும் மூழ்கனும் கூட்டுக்கு வந்தார்கள்.

"இம்புட்டுப் பாசியை யாரு போட்டது?" என்று கேட்டது மூழ்கன்.

"நான்தான், காலையில..." சொல்லி முடிக்குமுன்பே குமிழி பாசியின்மேல் பாய்ந்தது.

இருவரும் பாசியைப் பிடுங்கி எறிந்தார்கள். நான்கு முட்டைகளும் வைத்தது வைத்தபடி இருந்தன. தொட்டால் ஏரித் தண்ணீர்போல் சில்லென்றிருந்தன. குமிழி மேலே விழுந்து படுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டது.

சேதி எப்படியோ தலைவருக்கு எட்டியது. அவர் ஓசைப்படாமல் நீந்தி வந்தார்.

"முட்டை இருக்கா? ரொம்ப நல்லதாப் போச்சு! ஆனா வெளிய மூச்சு விடாத. அதுங்க பயந்துபோய்த் திருப்பி வச்சிட்டு ஓடிட்டதா நான் சொல்லிக்கிறேன்."

"பேசாம இருந்துடு, குமிழி. நமக்கு எதுக்கு வம்பு?" என்று மூழ்கனும் கெஞ்சியது.

குமிழிக்கு அந்த இளம் வாத்தின் கால் கண்ணைவிட்டுப் போகவில்லை. விடிந்ததும் கூட்டைவிட்டு இறங்காமலே எல்லாரையும் கூவி அழைத்தது.

"எம் முட்டை எங்கயும் போகல! நானே மூடி வச்சேன், நானே மறந்தேன். ஒரு பாவமும் அறியாததுங்களைக் கொத்தி விரட்டிட்டோம்!"

கொக்கிமூக்கார் குதித்தார். "இவளை நம்பாதீங்க! இவளும் வெளியூரோ என்னவோ! உங்கம்மா எந்தத் தண்ணில பொறந்தா? சொல்லு பாக்கலாம்!"

"இந்த ஏரி வத்தின வருஷம், மலையடிவாரக் குளத்துல பொறந்தா. உங்கப்பாவும் அங்கதான் பொறந்தார். இந்த ஏரியில இருக்கிற முக்கால்வாசிப் பேரும் அங்க அகதியாப் போனவங்க பிள்ளைங்கதான். அந்தக் குளத்துக்காரங்க எங்கம்மாவையோ உங்கப்பாவையோ கொத்தல!"

 கொக்கிமூக்கார் விரித்த சிறகை மடக்கிக்கொண்டார். மடையான் முதலில் கிளம்பியது. பின்னாலேயே ஒவ்வொன்றாக மற்ற பறவைகளும் தத்தம் கூட்டுக்குப் போய்விட்டன. மறுநாள் காவலுக்கு ஆள் வரவில்லை.

நாள் ஆனது. மூன்று முட்டைகள் பொரிந்தன. மூன்று குஞ்சுகளும் குமிழியின் முதுகில் ஏறிக்கொண்டன. நான்காவது பொரியவில்லை. குமிழி அதை மட்டும் இன்னும் எட்டு நாள் அடைகாத்தது.

ஒன்பதாம் நாள் கொக்கிமூக்கார் அந்தப் பக்கம் வந்தார். "பாத்தியா, எல்லாம் அந்த வாத்துங்க கண்ணு பட்டதுதான்!" என்றார்.

"இல்லைங்க," என்றது குமிழி. "அன்னைக்குப் பகல் முழுக்க இதுக்குச் சூடு இல்ல. நான் அடுத்தவ பிள்ளையைக் கொத்தப் போயிருந்தேன்."

அயலார்மேல் சந்தேகத்தை ஊட்டுபவர்கள் பின்னால் ஓடுகிறவர், அயலாருக்கு அநியாயம் செய்வதோடு தம் வீட்டையும் தாமே காவலின்றி விட்டுவிடுகிறார்.