இடப்பக்கக் கைப்பிடி

முன்னொரு காலத்தில், அரசர்களுக்குப் பொழுது போகாமல் இருந்த காலத்தில், ஒரு கடற்கரை நாட்டை மகரவர்மன் ஆண்டு வந்தான். ஒருநாள் அவனது துறைமுகத்துக்கு அயல்நாட்டுப் பெரிய கப்பல் ஒன்று வந்தது. அதன் முகப்பில் ஒரு முத்திரை இருந்தது. எங்கள் நாட்டில் தரம் பார்த்து முத்திரை இடாமல் எதையும் கடலில் இறக்க மாட்டோம் என்று மாலுமி பெருமையாகச் சொல்லிவிட்டான். அரசனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. நம் நாட்டிலும் தரம் வேண்டும், பத்தே நாளில் வேண்டும் என்று உத்தரவு போட்டான்.

பொறுப்பு அளவை அதிகாரி வீரசிகாமணியிடம் போயிற்று. நெல்லையும் மதிலையும் அளந்து பேர் வாங்கியவர் அவர். கடலில் கால் நனைத்ததில்லை; செருப்பு கெட்டுவிடும். அவர் அந்தக் கப்பலைத் தலை முதல் அடி வரை அளந்து, அளந்ததை எல்லாம் அப்படியே விதியாக எழுதினார். சாணுக்கு இரண்டு இரும்பாணி. ஆறு பேர் தூக்கும் நங்கூரம். இரண்டு சன்னல் வைத்த மாலுமி அறை. கப்பலின் இடப்பக்கக் கைப்பிடி எங்கோ மோதி உடைந்திருந்தது. அதுவும் நூற்றுப் பதினோராம் விதியாயிற்று: இடப்பக்கக் கைப்பிடி உடைந்திருத்தல் வேண்டும். மொத்தம் முந்நூறு விதிகள். முத்திரை இல்லாத படகில் ஏறுபவனுக்கு நாடுகடத்தல், தகுதியில்லாத படகு விறகுக்கு என்று முடித்திருந்தார். அரசன் படித்துப் பார்க்கவில்லை, தூக்கிப் பார்த்தான். கனமாக இருந்ததால் திருப்தி.

அந்தக் கரையில் கலியன் என்ற ஓடாவி, உப்பு ஏற்றும் படகு ஒன்றைக் கட்டி முடித்திருந்தான். ஓடாவி என்றால் படகு கட்டும் தச்சன். அங்கே அலை மூர்க்கமானது. அதனால் பலகைகளை ஆணி அடிக்காமல், தென்னங்கயிற்றால் தைத்து, தையல்மேல் குங்கிலியம் காய்ச்சிப் பூசுவார்கள். அலை அறைந்தால் படகு வளைந்து கொடுக்கும், உடையாது. வீரசிகாமணி வந்து ஆணியைத் தேடினார், அறையைத் தேடினார், கைப்பிடி முழுதாக இருப்பதைக் கண்டு முகம் சுளித்தார். பிறகு ஓலையில் எழுதி முத்திரை இட்டார்: "ஆய்ந்து பார்த்ததில், இது படகு அன்று." மறுநாள் மாலை உடைத்து அரண்மனை அடுப்புக்கு அனுப்ப வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

கலியன் அரண்மனை விகடன் மாசாத்தனிடம் ஓடினான். மாசாத்தனுக்குத் தெத்துப்பல், வாயை மூடினாலும் சிரிப்பதுபோல் இருக்கும். அதனாலேயே வீரசிகாமணிக்கு அவனைக் கண்டால் ஆகாது.

"சாமி, ஒரு வருசமா நானும் என் பொண்டாட்டியும் விரல் தேயத் தச்ச படகு. ஆணி அடிச்சா மூணாவது அலையில பொளந்துரும். அத யாருகிட்டப் போயிச் சொல்ல?" என்று கேட்டு அழுதான்.

மாசாத்தன் அந்த ஓலையை மட்டும் வாங்கிக்கொண்டு சபைக்குப் போய், கலியனுக்காக மன்றாடினான். வீரசிகாமணி இந்தச் சமயத்துக்காகவே காத்திருந்தவர். "மன்னா, விகடருக்கு அந்த மரத்தின்மேல் அவ்வளவு நம்பிக்கையா? நாளை உச்சிப்பொழுதுக்குள் அதில் ஏறி அலை தாண்டட்டும். ஆனால் சட்டத்தில் ஓர் எழுத்தும் மீறக்கூடாது. மீறினால் நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றார். அரசனுக்கு வேடிக்கை என்றால் போதும், சரி என்றான்.

மறுநாள் ஊரே கரையில் கூடியது. வீரசிகாமணி விதிப்படி கட்டுவித்த சிறுபடகும் அங்கே நின்றது. ஆணி, அறை, சன்னல், நங்கூரம் எல்லாம் உண்டு. ஆள் உட்காரத்தான் இடம் குறைவு. மாசாத்தன் நேரே போய்க் கலியனின் படகில் ஏறி அமர்ந்தான்.

"முத்திரை இல்லாத படகில் ஏறிவிட்டான், பிடியுங்கள்" என்றார் வீரசிகாமணி.

மாசாத்தன் ஓலையை எடுத்து அரசனிடம் நீட்டினான். "இது படகு அன்று என்று ஐயாவே முத்திரை வைத்துத் தந்திருக்கிறார். படகு அல்லாததில் ஏறக்கூடாது என்று முந்நூறு விதியிலும் இல்லை. படகு அல்லாததை உடைக்கவும் விதி இல்லை."

"அப்படியானால் அது என்ன?" என்றான் அரசன்.

"அது எனக்கும் தெரியவில்லை மன்னா. போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்."

கலியனும் துடுப்புக்காரர்களும் அதைத் தள்ளிவிட்டுத் தாமும் ஏறிக்கொண்டார்கள். படகு அல்லாதது அலைமேல் ஏறியது, வளைந்தது, நெளிந்தது, மூன்றாவது அலையையும் தாண்டி அமைதியான நீரில் போய் நின்றது. கரை முழுக்கக் கைதட்டல். வீரசிகாமணிக்குப் பொறுக்கவில்லை. வாழ்நாளில் முதன்முறையாகச் செருப்பைக் கழற்றிவிட்டுத் தம் படகில் ஏறினார்.

முதல் அலையில் சன்னல்கள் போயின. இரண்டாவதில் அறை போயிற்று. மூன்றாவதில் ஆணிகள் பிடுங்கிக்கொண்டு பலகைகள் ஆளுக்கொரு திசையில் போக, நங்கூரம் மட்டும் விதிப்படி நேராக அடிக்குப் போயிற்று. அவருக்குத் துடுப்புப் போட்டவர்கள் நீந்திக் கரையேறினார்கள். வீரசிகாமணி ஒரு பலகையைக் கட்டிக்கொண்டு அலறினார். கலியன்தான் முதலில் தன் படகை அவர் பக்கம் திருப்பினான்.

மாசாத்தன் எட்டிப் பார்த்தான். "ஐயா, ஏறிக்கொள்ளலாம். ஆனால் இது படகு அன்றே."

"படகுதான், படகுதான்" என்றார் வீரசிகாமணி, உப்புநீரைத் துப்பியபடி.

"படகென்றால் முத்திரை இல்லாமல் ஏறினால் நாடுகடத்தல். தங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது."

வீரசிகாமணி விரலில் கிடந்த முத்திரை மோதிரத்தோடு கையை நீட்டினார். வெயிலில் இளகியிருந்த குங்கிலியத்தில் அழுத்தமாக ஒரு முத்திரை விழுந்தது. பிறகு அவர் இடப்பக்கக் கைப்பிடியைப் பற்றி எம்பினார். அவர் பாரம் தாங்காமல் அது முறிந்து கையோடு வந்தது.

"கலியா, கவலைப்படாதே. நூற்றுப் பதினோராம் விதியும் நிறைவேறியது" என்றான் மாசாத்தன்.

அவரையும் ஏற்றிக்கொண்டு கரை திரும்பியதும், நடந்ததைக் கேட்ட அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மாசாத்தனுக்குத் தன் பட்டாடையைப் போர்த்தி, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டான். புதிதாக ஒரே ஒரு விதி வேண்டும் என்றான் அவன்: தரம் பார்ப்பவர் தாமே ஏறி அலை தாண்டித் திரும்பிய பின்புதான் முத்திரை வைக்க வேண்டும்.

அந்த விதி வந்தபின் மற்ற முந்நூறும் தாமாகவே மறந்துபோயின. வீரசிகாமணியும் நீச்சல் கற்றுக்கொண்டார். ஆனாலும் அந்தக் கரையின் ஓடாவிகள் இடப்பக்கக் கைப்பிடியை மட்டும் இன்றும் சற்றுத் தளர்வாகவே கட்டுகிறார்களாம். அதிகாரி வந்து பிடித்துப் பார்க்கும்போது அது உடைந்தால்தான் அவருக்கும் மனம் நிறைகிறதாம்.