ஏழு புத்தகமும் ஒரு கோழிக் குழம்பும்

செம்மணற்கோட்டை ராஜாவின் தலைவலிக்கு இரண்டு பெயர்கள்: சந்தியாகு, மாசிலாமணி. முன்னவர் ஊர்க் கத்தோலிக்கர்களுக்குப் பெரியவர். பின்னவர் சீர்திருத்தச் சபைக்குப் பெரியவர். சந்தியாகுவின் வேதத்தில் எழுபத்துமூன்று புத்தகங்கள். மாசிலாமணியின் வேதத்தில் அறுபத்தாறுதான். கூடுதலாக இருக்கும் அந்த ஏழும், இன்னும் சில அதிகாரங்களும் வேதமா இல்லையா என்று பன்னிரண்டு வருஷமாகச் சண்டை. சந்தையில் ஒருவர் கத்தரிக்காய் வாங்கிய கடைப் பக்கம் மற்றவர் தலைவைத்தும் படுக்கமாட்டார்.

அப்பேர்ப்பட்ட இருவரும் ஒருநாள் ஒன்றாகவே தர்பாருக்கு வந்தார்கள்.

"மகாராஜா, அன்னபாக்கியம் எதிரி நாட்டு ஒற்றனை வீட்டுல உட்காரவச்சு சோறு போட்டா. போன வெள்ளிக்கிழமை மத்தியானம். நாங்க ரெண்டு பேரும் வேலியோரமா நின்னு கண்ணால பார்த்தோம்."

அன்னபாக்கியம் தனிக்கட்டை. இருவருடைய கோவில்களுக்கும் நடுவில் அவளுக்கு ஒரு தோட்டம், அதில் வற்றாத கிணறு. இரு பெரியவர்களும் கேட்டுப் பார்த்தார்கள், அவள் தரவில்லை. அவள் தலை போனால் தோட்டத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று பேசிவைத்திருந்தார்கள். பங்கு என்று வந்தால் பெரியவர்களுக்கு எவ்வளவு ஒற்றுமை!

"சாமி, என் வீட்டுக்கு ஒரு ஈ காக்கா வரலைங்க" என்று தர்பாரில் நின்று அழுதாள் அவள்.

ராஜா தாடியைத் தடவினார். "எதிலுமே ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒத்துப்போகிறார்கள். அப்படியானால் உண்மைதான். சிரச்சேதம்."

"எனக்குப் பயமே அதுதான் மகாராஜா" என்று எழுந்தார் மந்திரி அம்பலவாணன். "ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். மாசிலாமணி ஐயா சற்றுக் குதிரை லாயத்தில் இருக்கட்டும்."

அவர் போனதும் மந்திரி கேட்டார். "சந்தியாகு ஐயா, ஒற்றன் என்ன சாப்பிட்டான்?"

"தவக்கால வெள்ளிக்கிழமை ஆச்சுங்களே, கறி ஆகாதே! வெறும் கஞ்சியும் துவையலும்தான்."

அவரை வெளியே அனுப்பிவிட்டு மாசிலாமணியை உள்ளே கூப்பிட்டார்கள். அதே கேள்வி.

"கோழிக் குழம்புங்க. தெருவே மணத்துச்சு!"

தர்பாரில் ஒரே சிரிப்பு. சந்தியாகுவையும் அழைத்துவந்து நிறுத்தினார்கள்.

"இந்த வித்தையை எங்கே கற்றீர்?" என்றார் ராஜா.

"இவர்கள் சண்டை போடும் பக்கங்களில்தான். அப்படி என்னதான் இருக்கிறது என்று வாங்கிப் படித்தேன். இரண்டு பெரியவர்கள் சேர்ந்து ஒரு பெண்மேல் பழி போடுகிறார்கள். ஒரு வாலிபன் அவர்களைத் தனித்தனியாக நிறுத்தி, எந்த மரத்தடியில் பார்த்தீர்கள் என்று கேட்கிறான். ஆளுக்கொரு மரம் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். நான் மரத்துக்குப் பதில் சாப்பாட்டைக் கேட்டேன்."

"இந்தக் கதை இவர்களுக்குத் தெரியாதா?"

"மாசிலாமணி ஐயா வேதத்தில் இது இல்லை மகாராஜா. சந்தியாகு ஐயா வேதத்தில் இருக்கிறது. பாவம், அதற்காகச் சண்டை போடவே பொழுது சரியாக இருந்ததால் படிக்க நேரமில்லை."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டார். அன்னபாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் கிணற்றடிக்குப் போனாள்.

"பொய்ச்சாட்சிக்குத் தண்டனை கேளுங்கள்" என்றார் ராஜா. "இருவரும் சந்தைத் திடலில் வெயிலில் நின்று, அவரவர் வேதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை உரக்கப் படிக்க வேண்டும். படித்து முடித்தவர் வீட்டுக்குப் போகலாம்."

சந்தியாகு விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மகாராஜா... அந்த ஏழு புத்தகமும் வேதந்தானான்னு எனக்கே இப்போ கொஞ்சம் சந்தேகமா இருக்குங்க."

மாசிலாமணி துள்ளிக் குதித்தார்.

"என்னய்யா சந்தேகம்? ஏழும் வேதந்தான்! ஒரு எழுத்து விடக் கூடாது!"