ஒரு சாண் பின்னால்

மடத்துப் பந்தியில் நல்லமுத்துவுக்குப் போடும் சோறு இலையில் விழுவதில்லை. இலைக்கு ஒரு சாண் முன்னால், தரையில் விழும்.

"நேராக உட்காருமய்யா," என்பான் பரிமாறுகிற வீரணன். "சோறு என்ன உம்மை அடிக்கவா வருகிறது?"

பந்தி சிரிக்கும். நல்லமுத்து சிரிக்கமாட்டான். அவனோடு பேசுகிறவர்களும் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. முகத்துக்கு ஒரு சாண் முன்னால், வெறும் காற்றைப் பார்த்துப் பேசுகிறார்கள். மடத்து நாய்கூட அந்தக் காற்றைப் பார்த்துத்தான் வாலாட்டுகிறது.

ஒருநாள் அவன் குருவிடம் போனான். குரு பூங்கோதை அம்மையார், வயதில் அவனைவிட இளையவர்.

"அம்மா, கடல் ஊருக்குள் வந்த அன்று ஒரே அலைதான். என் மேலேறிப் போனது. என் மனைவியைக் கொண்டுபோய்விட்டது. என் உடம்பில் ஒரு கீறல் இல்லை. உண்மையைச் சொல்லுங்கள். நான் உயிரோடுதான் இருக்கிறேனா?"

அம்மையார் அவனை வாய்க்காலுக்கு அழைத்துப் போனார். மதகுப் பலகையைச் சற்றே தூக்கி இறக்கினார். ஒற்றை நீர்மேடு ஒன்று எழுந்தது. உடையாமல், தேயாமல், சத்தமே இல்லாமல் வாய்க்காலில் நகர்ந்தது.

"அதனோடு நடங்கள். நடையை மட்டும் மாற்றாதீர்கள்."

நடந்தான். மேடு அவன் பக்கத்திலேயே வந்தது. பின்னால் பலகை மறுபடி ஏறி இறங்கும் ஓசை கேட்டது. இம்முறை உயரமாக. பெரிய மேடொன்று விரைந்து வந்து சின்னதை எட்டியது. சின்னது காணாமல் போயிற்று.

நல்லமுத்துவுக்கு மூச்சு நின்றது. கால் நிற்கவில்லை.

பெரியது முன்னே போய்விட்டது. பக்கத்தில் தட்டையான நீர். திரும்பிப் பார்த்தான். சின்ன மேடு வந்துகொண்டிருந்தது. அதே உயரம், அதே வேகம். ஆனால் அவனுக்குப் பின்னால்.

"அதில் ஏதாவது குறைந்திருக்கிறதா?" என்றார் பின்னாலேயே வந்துசேர்ந்த அம்மையார்.

"இல்லை. பின்தங்கிவிட்டது. எப்போது என்னை எட்டும்?"

"எட்டாது."

"அப்படியானால் நான்?"

"நாளை இலையை முன்னால் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்."

மறுநாள் சோறு இலையில் விழுந்தது.

"ஐயாவுக்கு உட்காரத் தெரிந்துவிட்டது!" என்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்தான் வீரணன்.

நல்லமுத்து எட்டி ஒரு கவளம் எடுத்து உண்டான். பிறகுதான் எதிரே பார்த்தான். அம்மையாரின் இலை வரிசையைவிட்டு ஒரு முழம் முன்னால் கிடந்தது. குருவுக்குத் தரும் மரியாதை என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

"அம்மா, உங்கள் இலை..."

அம்மையார் நிமிர்ந்தார். அவன் கண்ணை நேராகப் பார்த்தார்.

"என்னைக் கடந்து போனது இன்னும் பெரியது. சாப்பிடுங்கள்."