பிரகாசி கேட்க வந்த குரல்

தவசிமுத்து பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின் ஆராய்ச்சிக்கு வந்தவர். கடலோரப் பல்கலைக்கழகம் ஒன்றின் மொழியியல் துறையில் சேர்ந்திருந்தார். அவருடைய நெறியாளர் ஜரினா வயதில் அவரைவிட மிக இளையவர். ஆனாலும் ஜரினா உள்ளே வந்தால் தவசிமுத்து எழுந்து நிற்பார். உட்காரச் சொல்லிப் பார்த்து அலுத்துப்போன ஜரினா, தானும் நின்றுகொண்டே பேசப் பழகிவிட்டார்.

மீனவர்கள் காற்றுகளுக்கு வைத்திருக்கும் பெயர்களைத் தவசிமுத்து ஆராய்ந்தார். ஊர் ஊராகப் போய் அவர்கள் பேச்சைப் பதிவு செய்வார். வந்ததும் துறையின் நெட்வொர்க் டிரைவில் ஏற்றிவிடுவார். அதில் ஒவ்வொருவருக்கும் தனி ஃபோல்டர் உண்டு. துறையில் உரியவரால் மட்டுமே அதைத் திறக்க முடியும். எல்லோரும் கேட்கும்படி ஒரு பொது ஃபோல்டரும் உண்டு. தவசிமுத்து அந்தப் பக்கமே போவதில்லை.

“பொதுவுல வைக்கலாமே சார்? பேசினவங்க சம்மதிச்சுத்தானே பேசியிருக்காங்க?”

“வெயில்ல அலைஞ்சு சேத்தது மேடம். யாராவது எடுத்துத் தன் பேர்ல எழுதிட்டா?”

ஜரினா தலையசைத்தார். பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை.

ஒரு நாள் காலை ஒரு பெண் துறைக்கு வந்தாள்.

“நான் சூசைமிக்கேல் மக, பிரகாசி. அப்பா போன மழைக்குத் தவறிட்டாவ. தவசிமுத்து சாரு அப்பா பேசினதப் பிடிச்சிட்டு வந்தாவ. ஒருக்கா கேட்டுட்டுப் போயிருதேன். அப்பா போனு கடல்ல விழுந்துட்டு. எங்ககிட்ட அவிய சத்தம் எதுலயும் இல்ல.”

தவசிமுத்து அன்று படகில் போயிருந்தார். போன் எடுக்கவில்லை.

ஜரினா அவளை உட்காரவைத்தார். டீ வரவழைத்தார். மதியம் தன் சாப்பாட்டைப் பங்கிட்டுக்கொண்டார். வெயில் சாயும் நேரத்தில் தலையெல்லாம் உப்பு பூத்துத் தவசிமுத்து வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் வராந்தாவிலேயே நின்றுவிட்டார்.

“காலையில இருந்தா காத்திருக்கு? கம்ப்யூட்டர் சென்டர்ல சொல்லியிருந்தா திறந்து குடுத்திருப்பாங்களே மேடம்?”

“குடுத்திருப்பாங்க.”

“அப்புறம் ஏன் சொல்லலை?”

“பூட்டு நீங்க போட்டது சார்.”

தவசிமுத்து உள்ளே போய்க் கணினியைத் திறந்தார். பிரகாசி நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

முதலில் அலைச் சத்தம். பிறகு கரகரத்த குரல் ஒன்று, வாடைக்காற்று எப்போது திரும்பும், கொண்டல் எப்படி வரும் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தது. நடுவில் சட்டென்று உரக்கக் கூப்பிட்டது.

“ஏ பிரகாசி! சாருக்கு மீனு பொரிச்சு வைட்டீ. உப்பு போட மறந்துராத!”

அந்த இடத்தை ஆய்வுக்கு வேண்டாதது என்று தவசிமுத்து வெட்டுவதாக இருந்தார். நேரமில்லாமல் விட்டிருந்தார்.

பிரகாசி வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது. கையை எடுத்துவிட்டுச் சொன்னாள்:

“அன்னைக்கு மறந்துதான் போனேன் சார்.”

“ஆமாம்மா. உப்பே இல்ல. நான்தான் சொல்லலை.”

அவள் அழுகையோடு சிரித்துவிட்டாள். ஜரினாவும் சிரித்தார். குரல் மட்டும் தன்பாட்டுக்குக் கச்சான் காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. முடிந்ததும் அவள் மறுபடி முதலிலிருந்து கேட்டாள். தவசிமுத்து அவள் போனில் ஒரு பிரதி ஏற்றிக் கொடுத்தார்.

அவள் முகம் துடைத்துக்கொண்டிருக்கையில் அவர் பொது ஃபோல்டரைத் திறந்தார். உள்ளே புதிய ஃபோல்டர் ஒன்றை உருவாக்கினார். பெயர் கேட்டு அது காத்திருந்தது. வழக்கம்போல் தன் பெயரின் முதலெழுத்தைத் தட்டினார். உடனே அதை அழித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இது யார் பேர்ல இருக்கணும் மேடம்?”

ஜரினா சொன்னார்:

“இவ்வளவு நேரமும் நம்மகிட்ட பேசினது யாரு சார்?”