காலை நசுக்கிய கல்

முன்னொரு காலத்தில் தாழைநாட்டை மாறவல்லன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் யாராவது புகழ ஆரம்பித்தால் போதும், சாப்பாட்டையே மறந்துவிடுவான்.

அவன் நாட்டுக்கும் அக்கரை நாட்டுக்கும் நடுவே ஓர் ஆறு ஓடியது. இரண்டு அரசர்களும் சேர்ந்து அதன்மேல் கற்பாலம் கட்டினார்கள். ஆளுக்குப் பாதி. வேலையாட்கள் மட்டும் ஒரே கூட்டம்; இன்று இந்தக் கரை, நாளை அந்தக் கரை என்று படகில் போய்வந்தார்கள். எந்தக் கரையில் அடிபடுகிறார்களோ அந்தக் கரையின் சட்டப்படி அவர்களுக்கு நஷ்டஈடு கிடைக்கும்.

இக்கரைச் சட்டத்தை எழுதியவர் கட்டட அதிகாரி ஆராவமுதர். இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் அவர் சபையில் எழுந்தார்.

"அரசே, அக்கரையில் இதுவரை நாற்பது பேருக்குக் காயம். நம் கரையில் ஈடு கேட்டு ஓர் ஆள் வந்ததில்லை. எல்லாம் என் சட்டத்தின் மகிமை!"

சொல்லிவிட்டு அமைச்சர் தேனப்பரை ஓரக்கண்ணால் பார்த்தார். தேனப்பரை யாராவது பாராட்டினால் இவருக்கு வயிறு எரியும். இன்று தன் முறை என்று ஒரே பூரிப்பு.

அரசனுக்குத் தலைகால் புரியவில்லை. "இதைக் கல்லில் வெட்டிப் பாலத்து முகப்பில் ஏற்றுங்கள்!" என்று உத்தரவு போட்டான்.

இருபது நாள் போயிருக்கும். பேச்சி என்ற பெண் மூச்சிரைக்கச் சபைக்குள் வந்து விழுந்தாள்.

"மகராசா, என் வீட்டுக்காரர் சடையாண்டி நம்ம பாலத்துல கல்லு ஏத்துறவரு. முந்தாநாள் கயிறு அறுந்து கல்லு கால்மேல விழுந்துருச்சு. இன்னைக்குள்ள வைத்தியம் பாக்கலேன்னா காலையே எடுக்கணும்ங்கிறாங்க. வைத்தியருக்குக் குடுக்க வீட்டுல ஒரு பிடி நெல்லு இல்ல சாமி!"

ஆராவமுதர் தொண்டையைக் கனைத்தார். "சட்டம் இருக்கிறதம்மா. அடிபட்டவன் மூன்று நாளுக்குள் தானே நடந்து அரண்மனைக்கு வரவேண்டும். அடித்த பொருளைக் கூடவே கொண்டுவர வேண்டும். உடன் வேலை செய்யாத இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். இன்று பொழுது சாய்ந்தால் கெடு முடிந்தது."

"கால் நொறுங்குனவரு எப்படி சாமி நடப்பாரு?"

"அது அவன் பாடு."

அரசன் தேனப்பர் பக்கம் திரும்பினான். "மற்ற நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள்?"

"மலைநாட்டில் உறுப்புக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், அரசே. கட்டைவிரல் போனால் இத்தனை மூட்டை நெல், கால் போனால் இத்தனை மூட்டை. அன்றைக்கே கொடுத்துவிடுவார்கள். அதோடு கைகழுவியும் விடுவார்கள்."

"என் மூக்குக்கு அங்கே எத்தனை மூட்டை?"

"மூக்குக்கு ஒன்றும் கிடையாது. அங்கே யாரும் மூக்கால் கல் தூக்குவதில்லை."

சபை கொல்லென்று சிரித்தது. பேச்சி மட்டும் வாசலில் இறங்கும் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கரையில்?"

"யார் தவறு என்று கேட்பதில்லை. வைத்தியர் வீடு தேடிப் போவார். எழுந்து நடக்கும்வரை பாதிக் கூலி வீட்டுக்கே வரும்."

"அதனால்தான் அங்கே நாற்பது பேர் விழுகிறார்கள்!" என்றார் ஆராவமுதர். "என் சட்டமே சிறந்தது."

"அப்படியானால் அதை நீரே ஒரு நாழிகை நடத்திக் காட்டும்," என்றார் தேனப்பர். "காலில் அடிபட்டதாக வைத்துக்கொள்வோம்."

அரசனுக்கு இது போதாதா! உடனே ஆராவமுதரின் காலைப் பலகையோடு சேர்த்துக் கட்டி, வாசற்படியின் கீழே படுக்கவைத்தார்கள். காலையிலிருந்து அவர் சாப்பிட்டிருக்கவில்லை. அரியணைக்குப் பக்கத்தில் இலை போட்டுச் சுடச்சுடச் சோறு வைத்தார்கள். அடித்த பொருள் என்று அரண்மனை ஆட்டுக்கல்லை உருட்டிவந்து பக்கத்தில் போட்டார்கள்.

ஆராவமுதர் ஆட்டுக்கல்லைக் கட்டிப்பிடித்து எழுந்தார். ஒரு படி நொண்டினார். கல் உருண்டது, கூடவே அவரும் உருண்டார்.

"சாட்சி! சாட்சியாவது வாருங்கள்!" என்று கத்தினார்.

"நாங்கள் எல்லாரும் உம்மோடு வேலை செய்கிறவர்கள். எங்கள் சாட்சி செல்லாதே!" என்றார்கள் சபையோர், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு.

மூன்றாம் முறை விழுந்ததும் சோற்று வாசனை அவரை ஒரு வழி பண்ணிவிட்டது. "இது ஆகாது! என்னைப் படகில் தூக்கிப்போட்டு அக்கரைக்குக் கொண்டுபோங்கள். அங்கேயே அடிபட்டதாகச் சொல்லிக்கொள்கிறேன்!"

சபை சிரித்தது. பேச்சி சிரிக்கவில்லை.

"எல்லாரும் அதைத்தான் சாமி செஞ்சாங்க. இந்தக் கரையில அடிபட்டவங்களைக் கூட வேலை செய்யிறவங்களே கத்தவிடாம வாயைப் பொத்திப் படகுல ஏத்திருவாங்க. இவருக்கு அடிபட்ட அன்னைக்கு ஆத்துல வெள்ளம். இன்னைக்கு வரைக்கும் படகு போகல."

அரசன் முகம் கறுத்தது. "அப்படியென்றால் நம் ஆட்களுக்கு இரண்டு வருஷமாகச் சோறு போட்டது அக்கரை அரசனா!"

உடனே அரண்மனை வைத்தியரைப் பல்லக்கில் ஏற்றிச் சடையாண்டி வீட்டுக்கு அனுப்பினான். பிறகு, "அடித்த பொருளையும் கொண்டுவாருங்கள். அந்தச் சட்டத்தில் அது ஒன்றாவது நடக்கட்டும்," என்றான்.

பொழுது சாயும் நேரத்தில் பதினாறு பேர் அந்தக் கல்லைத் தூக்கிவந்து சபை நடுவே இறக்கினார்கள். அதைப் புரட்டச் சொன்னார் தேனப்பர். மறுபக்கத்தில் அழகான எழுத்தில் வெட்டியிருந்தது: "மாறவல்லன் நாட்டில் காயப்பட்டவர் எவரும் இல்லை."

அரசன் அதை இரண்டு முறை படித்தான். வெட்கமாக இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. "தேனப்பரே, நாளை முதல் சட்டத்தை நீர் எழுதும். அக்கரைக்கு நன்றி ஓலை நான் எழுதுகிறேன். ஆராவமுதரே, சடையாண்டி எழுந்து நடக்கும்வரை அவன் வீட்டு நெல்லை நீரே சுமந்து கொண்டுபோய்க் கொடும்."

"இந்தக் கல்லை என்ன செய்வது அரசே?"

"குப்புறப் போடுங்கள். பாலத்துக்கு முதற்படி அதுதான்."

ஐந்து மாதம் கழித்துச் சடையாண்டி விந்தி விந்தி அந்தப் படியில் ஏறி வேலைக்குப் போனான். அதற்குள் ஆராவமுதரின் தோள் நன்றாகக் காய்த்துப்போயிருந்தது.