உள்ளான் இரை எடுக்கும் நேரம்

“பறவை பார்க்க வந்த இடத்துல கிட்டப் போகாதீங்கன்னா எப்படி டீச்சர்? வீட்டு மொட்டை மாடியிலயே காக்காயைப் பார்த்துட்டு இருந்திருப்பேனே!”

கேட்டவர் வக்கீல் தாயுமானவன். கோர்ட்டிலிருந்து ஓய்வு பெற்றவர், வாதாடுவதிலிருந்து பெறவில்லை. பறவை காட்டக் கூட்டிவந்த, அவர் டீச்சர் என்று கூப்பிட்ட மதலேன் அவருடைய கடைசி மகளைவிட இளையவள்.

“காக்காயும் பறவைதான் வக்கீல் சார்.”

முகத்துவாரத்துச் சேற்றில் உள்ளான் பறவைக் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. ஆயிரமா, பத்தாயிரமா, யார் கண்டது. பங்குனி மாதமில்லையா, வெள்ளை வயிறெல்லாம் செங்கல் நிறம் ஏறியிருந்தது.

“பொழுது சாய்ஞ்சா கிளம்பிடும். வடக்கே, பனி உருகுற நாட்டுக்கு. இப்ப தின்கிறதுதான் கட்டுச்சோறு. ஒரு தடவை வீணாப் பறந்தாலும் அதுல கொஞ்சம் கரைஞ்சுடும்.”

“பத்தலைன்னா?”

“வழியில விழும்.”

வக்கீல் அந்த நிமிஷமே மொத்தக் கூட்டத்துக்கும் வக்காலத்து வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் அவனைப் பார்த்தார். ஒரு வாலிபன். தோசைச் சட்டி மாதிரி ஒரு தட்டில் கேமராவை வைத்து முன்னால் தள்ளிக்கொண்டு, வயிறு சேற்றில் தேய, பறவைகளை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தான்.

“டேய்! எவன்டா அவன்? கலைக்காதேடா!”

கூட்டம் மொத்தமும் எழும்பியது. கடல்மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. காணாமல் போனது.

வெறும் சேறு மினுங்கியது.

“பார்த்தீங்களா டீச்சர், கலைச்சுட்டான்!”

மதலேன் அவர் முகத்தையே பார்த்தாள்.

“அவன் கலைக்கப் போனான், நான் தடுத்தேன். ரெண்டும் ஒண்ணா?”

மதலேன் குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

“கண்ணெதிர அநியாயம் நடந்தா வாயை மூடிக்கிட்டு நிக்கணுமா? சொல்லுங்க!”

அவள் வெறுங்காலோடு நடந்தாள். வாலிபன் இருந்த இடத்துக்கே போய், சேற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். திரும்பி, வக்கீலைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அவரும் போய் உட்கார வேண்டியதாயிற்று. அதுவும் அவன் பக்கத்திலேயே.

“இப்படித் தள்ளி உட்காருங்க சார். அங்க சிப்பி குத்தும்,” என்றான் அவன்.

அது வேறு எரிச்சல்.

“திரும்பி வருமா டீச்சர்?”

“தெரியாது.”

“வரலைன்னா…”

அவள் உதட்டில் விரல் வைத்தாள்.

கடல் ஏறத் தொடங்கியது. ஓசையே இல்லாமல் வந்து அவருடைய கால் பெருவிரலைத் தொட்டது.

முதலில் ஒன்று வந்தது. பிறகு கடல் பக்கமிருந்து ஒரு புகை. புகை திரும்பியது, வெளுத்தது, சிவந்தது, அவர்களைச் சுற்றி இறங்கியது.

முன்னால் உள்ளான். பக்கவாட்டில் உள்ளான். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சளசளத்தது, அங்கேயும் உள்ளான்தான். வக்கீலின் நிழலுக்குள் நின்று ஒன்று தின்றது. வளைந்த அலகுகள் சேற்றில் இறங்கி ஏறும் சத்தம், கீற்றுக் கூரையில் தூறல் விழுவது போலக் கேட்டது.

இத்தனை உயிரா! இவ்வளவு பக்கத்திலா!

அவருக்கு மூச்சை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கால் மரத்தது, அசைக்கவில்லை. மூக்கின் மேல் ஈ உட்கார்ந்தது, விரட்டவில்லை.

தண்ணீர் இன்னும் ஏறியது. உள்ளான்கள் வயிறு நனைய நின்று தின்றன.

கடைக்கண்ணால் பார்த்தார். வாலிபனுக்கு முன்னால், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், தட்டோடு கேமரா. அதைச் சுற்றிப் பறவைகள். தண்ணீர் தட்டின் விளிம்பில் நின்றது.

அவன் கை அசையவில்லை.

ஒரு சின்ன அலை தட்டுக்குள் புகுந்தது. இன்னொன்று கேமராவின் மேலேயே ஏறி இறங்கியது.

“தம்பி,” என்றார் வக்கீல், உதடு பிரியாமல். “தம்பி, உன் கேமரா…”

“சும்மா இருங்க சார். தின்னுது.”