கரடிசக்தி முந்நூறு

கருங்குன்றுக் காட்டில் ஒரு கார் இருந்தது. யானையைக் கண்ட மனிதர்கள் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடியபோது விட்டுப்போனது அது. அதை வைத்துத்தான் விலங்குகள் கோடையில் தண்ணீர் கொண்டுவந்தன. ஆறு அடிவாரத்தில், மடு மேட்டுக்கு மேலே. காருக்குப் பின்னால் ஒரு வண்டியைக் கட்டி, நான்கு பீப்பாய் ஏற்றி, ஒரு நாளைக்கு மூன்று நடை. அந்தப் பன்னிரண்டு பீப்பாயில்தான் மான்குட்டி முதல் தவளை வரை உயிர் பிழைத்தன.

டீசல் எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. தலைவர் கரடியாருக்கு அது எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது.

காரைப் பார்த்துக்கொண்டது ஓர் அழுங்கு, அதாவது எறும்புதின்னி. உடம்பெல்லாம் செதில், இரும்பு மாதிரி நகம், முழ நீளத்துக்கு நாக்கு. காருக்கு அடியில் நுழைந்து நகத்தாலேயே போல்ட்டைத் திருகும். தினமும் காலையில் இன்ஜினிலிருந்து ஆயில் அளக்கும் குச்சியை உருவி, ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்க்கும். கசந்தால் ஆயிலை மாற்ற வேண்டும். இரும்பு ருசித்தால் உள்ளே ஏதோ தேய்கிறது. அந்த நாக்கு ஒருநாளும் தவறியதில்லை. அதில் அழுங்குக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே! வேலை தெரிந்தவனின் கர்வத்தால் எந்தக் காடு அழிந்தது?

ஒருநாள் டவுனுக்குப் போய்த் திரும்பிய குரங்கு, கறுப்புக் கண்ணாடியும் கையில் ஒரு டப்பாவுமாகக் கூட்டத்தில் குதித்தது.

“தலைவரே! இந்த இன்ஜினுக்கு எவ்வளவு சக்தின்னு எழுதியிருக்கான்?”

“நூத்தம்பது குதிரைசக்தி,” என்றது அழுங்கு.

“எழுதினவன் பயந்தாங்கொள்ளி! உள்ளே முந்நூறு தூங்குது. இந்த டப்பாவை மாட்டினா எழுந்து உட்காரும்!”

“டப்பா என்ன பண்ணும்?” என்று கேட்டார் கரடியார்.

“இதுல டர்போ இருக்கில்ல? புகை போற வேகத்துல சுத்தி, காத்தை அமுக்கி உள்ளே திணிக்கிற சக்கரம். எவ்வளவு காத்து வந்திருக்குன்னு இன்ஜின் அளந்து பார்க்கும். என் டப்பா நடுவுல உட்கார்ந்துக்கிட்டு, ‘பத்தலை, பத்தலை’ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். இன்ஜினும் நம்பி இன்னும் திணிக்கும்!”

“அதாவது, பொய் சொல்ற டப்பா,” என்றது அழுங்கு.

கரடியாருக்கு அந்த டப்பாவை உடனே பிடித்துவிட்டது.

“அதெல்லாம் சரி,” என்றார் கரடியார். “நம்ம காட்டுல குதிரையே கிடையாது. நான் ஒருத்தன் இருக்கிறப்போ குதிரைக்கு என்ன மரியாதை?”

ஆலோசகர் நரி துள்ளி எழுந்தது. “இன்று முதல் அது கரடிசக்தி!”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

அழுங்கு பிடிவாதக்காரன்தான், ஆனால் நியாயம் தெரிந்தவன். “கொஞ்சம் கூட்டலாம் தலைவரே. செஞ்சவன் சின்னதா இடம் விட்டுத்தான் செஞ்சிருப்பான். நூத்தி எண்பது வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல கனெக்டிங் ராடு தாங்காது.”

“அது யாரு?” என்று கேட்டது காட்டுப்பன்றி.

“பிஸ்டன் வாங்குற அடியையெல்லாம் சுமந்து, கீழே சக்கரம் சுத்த வைக்கிற இரும்புத்தண்டு. உள்ளேயே கிடக்கும். யாரும் பார்த்ததில்ல.”

“யாருமே பார்க்காதவனைப் பத்தி மேடையில என்ன பேச்சு?” என்றது நரி.

டப்பாவை நூற்றி எண்பதில் வைத்தார்கள். கார் ஐந்து பீப்பாயோடு மேடேறியது. அழுங்கு ஆயிலை ருசித்தது, குறையில்லை. அதோடு விட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

“பார்த்தியா!” என்று கரடியார் தொடையைத் தட்டினார். “நூத்தம்பதுன்னு எழுதியிருந்தான். நூத்தி எண்பதுக்கு ஒண்ணும் ஆகல. அப்போ எழுதினவன் பொய்யன். நூத்தி எண்பதோட நிறுத்துங்கிற நீயும் பொய்யன்!”

“அவன் இடம் விட்டிருந்தான் தலைவரே. அந்த இடத்தைத் தின்னாச்சு. இனிமே தின்ன மிச்சமில்ல.”

யார் கேட்டார்கள்? மறுநாள் இருநூற்று இருபதில் வைத்து ஓட்டினார்கள். காலைக் குளிர்ச்சியில், வெறும் வண்டியோடு, இறக்கத்தில்! ஒன்றும் உடையவில்லை. குரங்குக்கு மாலை விழுந்தது.

அழுங்கு குச்சியை உருவி நாக்கை நீட்டியது. இரும்பு ருசித்தது.

“உள்ளே தேயுது! இறக்கத்துல தாங்கினது ஏத்தத்துல தாங்காது!” என்று கத்திக்கொண்டு ஓடியது.

“ருசி எப்படி? கொஞ்சம் உப்புப் போடட்டுமா?” என்றது நரி. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தாகத்தில் நாக்கு வறண்ட கூட்டத்துக்குக்கூடத் தலைவரின் ஆள் சொன்னால் சிரிப்பு வரும்.

அடுத்த வாரம் கரடியார் தலைவரான ஐந்தாம் ஆண்டு விழா. அதற்கென்று பெரிய அறிவிப்பு வந்தது: “இனி மூன்று நடை கிடையாது! ஒரே நடையில் பன்னிரண்டு பீப்பாய்! முந்நூறு கரடிசக்தி!”

இன்ஜின் அதைத் தாங்குமா என்று எப்படி முடிவு செய்தார்கள் தெரியுமா? ஓட்டெடுப்பு நடத்தினார்கள்! கருங்குன்றுக் காட்டில் வாலைத் தூக்குவதுதான் ஓட்டு. மான் தூக்கியது. பன்றி தூக்கியது. முயல்கூடத் தன் பஞ்சுவாலை எக்கித் தூக்கியது. கரடியாரின் வால் எப்போதுமே கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அது எப்போதும் தூக்கியே இருப்பதாகக் கொள்ளப்பட்டது. தண்ணீர் இல்லாவிட்டால் முதலில் சாகப்போவது தவளை. தவளைக்கு வால் இல்லாததால் ஓட்டும் இல்லை.

அழுங்கின் கனத்த வால் மட்டும் தரையிலேயே கிடந்தது.

“இன்ஜின் முந்நூறு தாங்கும் என்று இப்பேரவை தீர்மானிக்கிறது!” என்று நரி படித்தது.

“ராடுக்குக் காது கிடையாது!” என்று அழுங்கு கத்தியது. “உங்க தீர்மானம் அதுக்கு எட்டாது! விழாதானே? முதல்ல வழக்கம்போல மூணு நடை அடிச்சு மடுவை நிரப்புங்க. அப்புறம் என்ன கூத்து வேணா ஆடுங்க. மடுவுல ரெண்டு நாள் தண்ணிகூட இல்ல!”

“விழாவுக்கு முன்னாடியே மடு நிரம்பிட்டா, விழாவுல எதைக் காட்டுறது?” என்றது நரி. “இவன் முன்னேற்றத்தின் எதிரி!”

அழுங்கைக் காட்டுப் பேரவையிலிருந்து நீக்கினார்கள். ஆயில் குச்சியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

விழா நாள். உச்சிவெயில். வண்டியில் பன்னிரண்டு பீப்பாய். காருக்குள் கரடியார், அவர் மாலை, நரி, நரியின் ஒலிபெருக்கி. ஓட்டியது குரங்கு.

அழுங்கு மேட்டோரப் பாறைநிழலில் நின்றது. ‘என் நாக்கு பொய்யாப் போகட்டும்’ என்று வாழ்நாளில் முதல்முறையாக வேண்டிக்கொண்டது. பக்கத்தில் தவளை ஒட்டிய வயிறோடு உட்கார்ந்திருந்தது.

“ஏறிடுமாண்ணே?”

“ஏறினா நல்லதுதான்டா தம்பி.”

கார் மேட்டில் மூக்கை வைத்தது. டர்போ ஊளையிட்டது. கரும்புகை கிளம்பியது. காற்றழுத்த முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

“இன்னும்! இன்னும்!” என்றார் கரடியார்.

டங்!

இன்ஜினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு கனெக்டிங் ராடு வெளியே வந்து விழுந்தது. பாதையெல்லாம் ஆயில். கார் பின்னால் சறுக்கிப் பாறையில் மோதி நின்றது. பீப்பாய்கள் உருண்டன. தண்ணீர் வந்த வழியே ஆற்றுக்குத் திரும்பிப் போனது. குரங்கு டப்பாவைக் கழற்றிக்கொண்டு மரத்தில் தாவியது. அடுத்த காட்டில் அதற்கு மாலை காத்திருந்தது.

புகைக்குள்ளிருந்து கரடியார் இருமிக்கொண்டே வந்தார். “ராடு துரோகம் பண்ணிடுச்சு!”

நரி ஒலிபெருக்கியைத் தூக்கியது. “ராடை இப்போதே வெளியேற்றுகிறோம்!”

“அதுதான் தானாவே வெளியே வந்துடுச்சே,” என்றது அழுங்கு.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மடுவில் சேறுதான் மிச்சம். மான்குட்டி ஒன்று அந்தச் சேற்றை நக்கியது. கூட்டம் மெல்லத் திரும்பிக் கரடியாரைப் பார்த்தது. பிறகு வண்டியைப் பார்த்தது. மறுபடியும் கரடியாரைப் பார்த்தது.

கார் செத்துப்போனாலும் வண்டிக்குச் சக்கரம் இருந்தது. காட்டிலேயே பெரிய உடம்பு கரடியாருடையது. மாலை தொங்கிய கழுத்தில் நுகத்தடி ஏறியது. ஜோடிக்கு நரி.

நான்கு பீப்பாய் ஏற்றியதுமே கரடியாருக்கு மூச்சு வாங்கியது. “போதும்! இதுக்கு மேல என்னால தாங்க முடியாது!”

“முடியாதா?” என்று காட்டுப்பன்றி உறுமியது. “கரடிசக்தி முந்நூறுன்னு நீதானய்யா சொன்னே! பன்னிரண்டையும் ஏத்துங்கப்பா! சம்மதிக்கிறவங்க வாலைத் தூக்குங்க!”

எல்லா வால்களும் எழுந்தன. நுகத்தடியில் நின்ற நரியின் வால்கூடப் பழக்கதோஷத்தில் எழுந்தது.

“இறக்குங்கடா வாலை!” என்று அழுங்கு பாய்ந்து வந்தது. “அன்னைக்குத் தூக்கினதும் இதே வாலுங்கதான்! மறந்துட்டீங்களா? இந்த ஆளோட முதுகெலும்பும் உள்ளேதான் கிடக்கு, யாரும் பார்த்ததில்ல. அதுவும் டங்குன்னு வெளியே வந்தா, அப்புறம் யாரு இழுப்பா, உங்கப்பனா? நாலு பீப்பாய், மூணு நடை. அவ்வளவுதான்!”

வால்கள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன.

கரடியாரின் கண் கலங்கியது. “நீதான்யா நல்லவன்! அப்படியே நடையையும் ஒண்ணாக் குறைச்சிடேன்!”

அழுங்கு முழ நீள நாக்கை நீட்டி, அவர் பிடரி வேர்வையில் ஒரு சொட்டை ருசித்துப் பார்த்தது.

“வெறும் உப்புதான். இரும்பு ருசி இல்ல. இழுங்க தலைவரே!”

எவ்வளவு தாங்கும் என்பதைச் சுமக்கிறவனின் எலும்புதான் சொல்ல வேண்டும். அதைக் கைதட்டலால் உயர்த்துகிற கூட்டம், கடைசியில் சேற்றை நக்கித்தான் புத்தி பெறும்.